இன்சூரன்ஸ் ஏஜென்ட்டின் லைசென்ஸைத் தேடிப் பார்க்கும் அரசுத் தளம்: கலிபோர்னியாவிலிருந்து ஒரு விமர்சனம்

கலிபோர்னியா இன்சூரன்ஸ் துறையின் இணையதளத்தில் ஏஜென்ட் லைசென்ஸைத் தேடிப் பார்ப்பதற்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. பெயரையோ லைசென்ஸ் எண்ணையோ போட்டால், அந்த ஆளுக்கு இந்த மாநிலத்தில் இன்சூரன்ஸ் விற்க அனுமதி இருக்கிறதா, எந்த வகை இன்சூரன்ஸ், எந்தெந்தக் கம்பெனிக்காக, எப்போதிலிருந்து என்பதெல்லாம் வந்துவிடும். காசு கிடையாது, கணக்குத் தொடங்கச் சொல்லாது, உங்கள் போன் நம்பரைக் கேட்காது. ஃப்ரீமான்ட், சான் ரமோன், சான்டா கிளாரா பக்கம் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் கேட்டுப் பார்த்தேன், இப்படி ஒன்று இருப்பது அநேகமாக யாருக்கும் தெரியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். மீதி ஒன்றை ஏன் கொடுக்கவில்லை என்பது போகப் போக வரும்.

யாருக்கு இது தேவை? பொங்கல் விழாவிலோ, ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலிலோ, காஸ்ட்கோவில் வண்டி தள்ளிக்கொண்டு போகும்போதோ "அண்ணா, நீங்க தமிழா? எந்த ஊரு?" என்று ஒருவர் வந்து பேசியிருந்தால் உங்களுக்குத் தேவை. நல்ல பிள்ளையாக இருப்பார். ஊர்க்கதை பேசுவார். இரண்டு வாரம் கழித்து "ஒரு அரை மணி நேரம் கொடுங்கண்ணா, ரிட்டயர்மென்ட் பத்தி சும்மா ஒரு எஜுகேஷன்தான், எதுவும் வாங்க வேண்டாம்" என்பார். அரை மணி நேரம் இரண்டு மணி நேரமாகும். கடைசியில் மேசைக்கு வருவது பெரும்பாலும் ஐயூஎல், அதாவது பங்குச் சந்தைக் குறியீட்டோடு கட்டிய யுனிவர்சல் லைஃப் பாலிசி. "மார்க்கெட் ஏறினா உங்க பணம் ஏறும், இறங்கினா இறங்காது, எடுக்கும்போது வரியும் கிடையாது" என்பதுதான் சொல்லும் முறை. அந்த வாக்கியத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் ஏற்றத்துக்கு ஒரு உச்சவரம்பு உண்டு, காப்பீட்டுச் செலவு வருஷத்துக்கு வருஷம் வயதோடு கூடும், ஆரம்ப ஆண்டுகளில் விட்டுவிட்டு வெளியே வந்தால் சரண்டர் சார்ஜ் என்ற பிடித்தம் பெரிதாகக் கடிக்கும் என்பதை அதே வேகத்தில் யாரும் சொல்வதில்லை. 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்பில் வேலை பார்க்கும் கம்பெனி தரும் பங்கைக்கூட முழுசாக வாங்காத ஒரு இளம் தம்பதிக்கு இதைத் தலையில் கட்டுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, தளத்துக்கு வருவோம். பெயர் போட்டுத் தேடலாம். ஆனால் நம் பெயர்களில் எது முதல் பெயர், எது கடைசிப் பெயர் என்பதே குழப்பம் என்பதால் பெயரை மாற்றி மாற்றிப் போட வேண்டிவரும். "குமார்" என்று போட்டால் ஒரு பெரிய பட்டியல் வந்து நிற்கும். லைசென்ஸ் எண் கையில் இருந்தால் ஒரே தட்டில் ஆள் வந்துவிடுவார். அந்த எண்ணை எங்கே பிடிப்பது என்றால், ஏஜென்ட் உங்களிடம் நீட்டிய விசிட்டிங் கார்டிலேயே இருக்க வேண்டும். கலிபோர்னியா இன்சூரன்ஸ் சட்டத்தின் 1725.5 பிரிவு அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது: விசிட்டிங் கார்டு, எழுதிக் கொடுக்கும் விலை மதிப்பீடு, அச்சு விளம்பரம் எல்லாவற்றிலும் லைசென்ஸ் எண் இருக்க வேண்டும், அதுவும் அட்டையில் உள்ள முகவரி, போன் நம்பர் எழுத்துகளைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. 2023 ஜனவரியிலிருந்து மின்னஞ்சலுக்கும் இது பொருந்தும், பெயருக்குப் பக்கத்திலோ கீழ் வரியிலோ எண் வர வேண்டும். எனவே கார்டை வாங்கியதும் முதலில் எண்ணைத் தேடுங்கள். ஏழு இடம் கொண்டது. பழைய எண்கள் பூஜ்யத்தில் தொடங்கி அடுத்து ஒரு ஆங்கில எழுத்து, பிறகு ஐந்து இலக்கம் என்று வரும். எண்ணே இல்லாத கார்டு என்றால் அதுவே ஒரு பதில்தான். "தம்பி, உங்க லைசென்ஸ் நம்பர் என்ன?" என்று கேளுங்கள், இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. ஒழுங்கான ஏஜென்ட் கேட்ட மாத்திரத்தில் சொல்வார், சிலர் சந்தோஷமாகவே சொல்வார்கள்.

எண்ணைப் போட்டதும் வரும் பக்கத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் விஷயம். எல்லாரும் "ஆக்டிவ்" என்ற சொல்லைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அது போதாது. லைசென்ஸ் முதன்முதலில் கொடுத்த தேதி அங்கேயே இருக்கும், அதைப் பாருங்கள். "இந்தத் தொழில்ல ரொம்ப வருஷமா இருக்கேன்" என்று சொன்னவரின் தேதி போன வருஷமாக இருந்தால், அந்த அனுபவம் யாருடையது என்று கேட்கலாம். அடுத்தது லைசென்ஸ் வகை. லைஃப் வகை மட்டும் இருந்தால் ஆயுள் காப்பீடும், பிற்காலத்தில் தவணையாக வருமானம் தரும் ஆன்யூட்டியும் விற்கலாம், உடல்நலக் காப்பீடு விற்கக் கூடாது, அதற்குத் தனி லைசென்ஸ். வீடு, கார் இன்சூரன்ஸ் இன்னொரு வகை. முதலீட்டுப் பங்குகளோடு சேர்ந்த வேரியபிள் வகைப் பாலிசி என்றால் மாநில லைசென்ஸோடு, பங்குத் தரகர்களைக் கண்காணிக்கும் ஃபின்ரா அமைப்பின் பதிவும் வேண்டும், அதை புரோக்கர்செக் என்ற தனித் தளத்தில் பார்க்க வேண்டும். ஐயூஎல் சந்தையைப் பற்றியே பேசினாலும் சட்டப்படி அது பங்குப் பத்திரம் கிடையாது, வெறும் லைஃப் லைசென்ஸ் வைத்து விற்றுவிடலாம். பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் பற்றி ஒரு பரீட்சையும் எழுதாத ஒருவர் உங்கள் வீட்டு ஹாலில் எஸ் அண்டு பி 500 என்ற பங்குச் சந்தைக் குறியீட்டின் வரைபடத்தைக் காட்டிப் பேச முடிவது இதனால்தான்.

என்னைக் கேட்டால் அந்தப் பக்கத்திலேயே பொன்னான பகுதி, கீழே வரும் கம்பெனி நியமனப் பட்டியல். ஒரு லைஃப் ஏஜென்ட் ஒரு கம்பெனியின் பாலிசியை விற்க வேண்டுமென்றால் அந்தக் கம்பெனி அவரை நியமித்து மாநிலத்துக்குத் தெரிவிக்க வேண்டும். புதிய கம்பெனிக்கு முதல் விண்ணப்பம் அனுப்பும்போது, அதிலிருந்து பதினான்கு நாட்களுக்குள் கம்பெனி அறிவிப்பைக் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. ஆக, அந்தப் பட்டியலைப் பார்த்தாலே இவர் கையில் எத்தனை கடைச் சரக்கு இருக்கிறது என்பது தெரிந்துவிடும். "நாங்க எல்லா கம்பெனியையும் ஒப்பிட்டு உங்களுக்கு எது பெஸ்ட்டோ அதைத் தருவோம்" என்று சொன்னவருக்குப் பட்டியலில் ஒன்றிரண்டு பெயர்தான் இருந்தால், ஒப்பீடு எவ்வளவு நடந்திருக்கும்? இன்னொன்று, அவர் சட்டையில் எழுதியிருக்கும் பெயர் பெரும்பாலும் விற்பனை அமைப்பின் பெயர்தான், உங்களுக்குப் பணம் தரப்போகும் இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர் வேறு. நியமனப் பட்டியலில் வருவதுதான் உண்மையான காப்பீட்டுக் கம்பெனிகள்.

எங்கள் தெருவில் ஒரு குடும்பம். வீட்டுக்கு வந்தது அறிமுகமான ஒரு அக்கா. அவர் அப்போதுதான் அப்படி ஒரு விற்பனை அமைப்பில் சேர்ந்திருந்தார், அதனால் பேசியது முழுவதும் ஜூமில் இருந்த அவருடைய மேலாள், டெக்சாஸில் இருப்பவர். எண்ணெல்லாம் போட்டு, ஸ்க்ரீன் பகிர்ந்து, "இந்த மாசத்துக்குள்ள போட்டா நல்லது" என்று முடித்திருக்கிறார். அவர்கள் என்னைக் கேட்டபோது இரண்டு பேரையும் தேடிப் பார்த்தோம். அக்காவின் பெயரில் எந்த லைசென்ஸும் வரவில்லை, பரீட்சை இன்னும் எழுதவில்லையாம். மேலாளுக்கு டெக்சாஸ் லைசென்ஸ் சரியாக இருந்தது, கலிபோர்னியாவில் ஒன்றும் இல்லை. அதாவது அந்த ஜூமில் பாலிசியை விளக்கிய யாருக்கும் கலிபோர்னியாவில் வசிக்கும் ஒருவருக்கு விற்கும் அனுமதி இல்லை. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. லைசென்ஸ் இல்லாமல் இன்சூரன்ஸ் விற்பது இங்கே குற்றம், 1633 பிரிவின்படி ஒரு வருஷம் வரை கவுன்ட்டி சிறை, 50,000 டாலர் வரை அபராதம். வெளிமாநில ஏஜென்ட் இங்கே லைசென்ஸ் எடுப்பது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலையும் கிடையாது. சொந்த மாநிலத்தில் லைசென்ஸ் நல்ல நிலையில் இருந்தால் மறுபடி பரீட்சை கிடையாது, ஆன்லைனில் விண்ணப்பமும் கட்டணமும்தான். அதைக்கூடச் செய்யாதவர் உங்கள் முப்பது வருஷ பாலிசியை எவ்வளவு அக்கறையோடு பார்த்துக்கொள்வார் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். அந்தக் குடும்பம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அக்காவுடன் பழக்கம் விட்டுப்போகவில்லை, அது எனக்குப் பெரிய நிம்மதி.

மாநிலத்துக்கு மாநிலம் ஏன் இந்தத் தனித்தனி லைசென்ஸ் என்று பலர் கேட்கிறார்கள். இந்தியாவில் ஹைதராபாத்தில் உட்கார்ந்திருக்கும் ஐஆர்டிஏஐ என்ற இன்சூரன்ஸ் ஆணையம் ஒன்றே நாடு முழுக்கப் பார்த்துக்கொள்கிறது, நாம் அதைப் பார்த்துப் பழகியவர்கள். இங்கே கதையே வேறு, அந்தக் கதை தொடங்குவதும் லைசென்ஸ் இல்லாத ஒரு ஏஜென்டிடம்தான். 1866-இல் வர்ஜீனியா மாநிலம், வெளிமாநிலக் கம்பெனிகள் அங்கே இன்சூரன்ஸ் விற்க வேண்டுமென்றால் பத்திரங்களை வைப்பாகக் கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டது. பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் சாமுவேல் பால் என்பவர் நியூயார்க் தீ இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு ஏஜென்ட். வைப்புக் கட்டாததால் அவருக்கு லைசென்ஸ் மறுக்கப்பட்டது. அவர் அப்படியே விற்றார், ஐம்பது டாலர் அபராதம் விழுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1869-இல் "இன்சூரன்ஸ் ஒப்பந்தம் மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் ஆகாது" என்று தீர்ப்பு வந்தது. அந்த ஒரு வரியால் இன்சூரன்ஸ் முழுக்க மாநிலங்களின் கைக்குப் போனது. 1944-இல் அதே நீதிமன்றம் நிலையை மாற்றி, இன்சூரன்ஸும் வணிகம்தான் என்றது. மாநிலங்கள் பதறிப்போக, மறு வருஷமே, 1945-இல், நாடாளுமன்றம் மெக்காரன்-ஃபெர்குசன் சட்டத்தை நிறைவேற்றி அதிகாரத்தை மாநிலங்களிடமே விட்டது. அன்றிலிருந்து இன்று வரை அப்படியே ஓடுகிறது. மாநில ஆணையர்கள் எல்லாம் சேர்ந்து 1871-இலேயே தொடங்கிய என்ஏஐசி என்ற சங்கம் மாதிரிச் சட்டங்களை எழுதிக் கொடுக்கும், அதை எடுப்பதும் விடுவதும் மாநிலத்தின் விருப்பம். 1999-இல் மத்திய அரசு "நீங்களாக ஒழுங்குக்கு வாருங்கள், இல்லையென்றால் தேசிய அமைப்பு ஒன்றை நாங்கள் கொண்டுவருவோம்" என்ற மாதிரி நெருக்கிய பிறகுதான் ஒரு மாநில ஏஜென்ட் இன்னொரு மாநிலத்தில் எளிதாக லைசென்ஸ் எடுக்கும் வழி பரவலானது. இப்போது ஒவ்வொரு ஏஜென்டுக்கும் என்பிஎன் என்று நாடு முழுவதும் மாறாத ஒரு எண் உண்டு. ஏஜென்ட் ஜூமில் வேறு மாநிலத்திலிருந்து பேசினால் அந்த எண்ணையும் கேட்டு வாங்குங்கள், ஒரே பெயரில் பல பேர் இருக்கும் நம் ஆட்களைப் பிரித்தறிய அது உதவும்.

மற்ற மாநிலங்களில் இருப்பவர்களுக்கு. டெக்சாஸ் இன்சூரன்ஸ் துறைக்கும் இதே போலத் தேடல் உண்டு, ஃப்ரிஸ்கோ, இர்விங் பக்கம் இருப்பவர்கள் அதைப் பயன்படுத்தலாம், லைசென்ஸ் வகையும் நியமித்த கம்பெனிகளும் கிடைக்கும். நியூ ஜெர்சி உட்படப் பல மாநிலங்கள் என்ஏஐசி நடத்தும் பொதுத் தேடல் அமைப்பையே பயன்படுத்துகின்றன. மேலே மாநிலத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பெயர் போட வேண்டும். மாநிலத்தை மாற்ற மறந்துவிட்டு "ஆளே இல்லை" என்று அவசரப்பட்டு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். எடிசனில் இருக்கும் என் மைத்துனி அதைத்தான் பயன்படுத்துகிறாள், அவளுக்குப் பிடித்திருக்கிறது. பார்வைக்கு கலிபோர்னியா பக்கம் கொஞ்சம் பழைய பாணிதான், போனில் பார்ப்பதைவிடக் கணினியில் பார்ப்பது வசதி. இருந்தாலும் உள்ளே இருக்கும் தகவலுக்காக நான் அதைத்தான் மேலே வைப்பேன். இங்கே இன்னொரு நல்ல விஷயம், 1988-இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 103-ஆவது பிரேரணைக்குப் பிறகு இன்சூரன்ஸ் ஆணையர் தேர்தலில் ஜெயித்து வருபவர். டெக்சாஸில் ஆளுநர் நியமிப்பார். வாக்குக் கேட்டு வர வேண்டியவருக்குப் பொதுமக்களுக்குப் பதில் சொல்லும் நெருக்கடி கூட இருக்கும் என்பது என் எண்ணம்.

இப்போது நான் கொடுக்காமல் பிடித்து வைத்த அந்த நட்சத்திரம். லைசென்ஸ் என்றால் என்ன தகுதி என்று பார்த்தால் மனம் கொஞ்சம் சோர்ந்துவிடும். கலிபோர்னியாவில் சட்டமும் ஒழுக்கமும் பற்றிப் பன்னிரண்டு மணி நேரப் பாடம் படிக்க வேண்டும், கைரேகை கொடுக்க வேண்டும், பரீட்சையில் 60 சதவீதம் வாங்க வேண்டும். டெக்சாஸில் லைஃப் லைசென்ஸுக்கு முன்படிப்பே கட்டாயம் இல்லை, பரீட்சையில் 70 வாங்கினால் போதும். பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை 24 மணி நேரத் தொடர் படிப்பு. ஒரு வாரம் விழுந்து விழுந்து படித்தால் பாஸ் பண்ணிவிடலாம் என்று அந்த அமைப்புகளே ஆள் சேர்க்கும்போது சொல்கின்றன. முடி வெட்டும் தொழில் செய்ய இதைவிடப் பல மடங்கு மணி நேரப் பயிற்சி கேட்கிறது இதே மாநிலம். அப்படியிருக்க, இந்தத் தேடல் பக்கத்தில் "ஆக்டிவ்" என்று பச்சைக்கொடி காட்டுவது, "சட்டப்படி விற்கலாம்" என்பதோடு முடிகிறது. அந்த ஆள் மேல் எத்தனை புகார் வந்தது, எத்தனை பாலிசி முதல் இரண்டு வருஷத்திலேயே காலாவதியானது என்பது எதுவும் அதில் கிடையாது. துறை நடவடிக்கை எடுத்து முடித்திருந்தால் அந்த உத்தரவைத் தேடி எடுக்கலாம், விசாரணையில் இருப்பது தெரியாது. புரோக்கர்செக்கில் ஒரு பங்குத் தரகர் மேல் வாடிக்கையாளர் போட்ட தகராறுகள்கூட வரும். இன்சூரன்ஸ் ஏஜென்டுக்கும் அப்படி வந்தால் நாளைக்கே ஐந்தாவது நட்சத்திரத்தைக் கொடுத்துவிடுவேன்.

சட்டம் காகிதத்தில் இருப்பதைத்தான் நன்றாகப் பிடிக்கிறது, ஹாலில் காபி குடித்துக்கொண்டு பேசியதைப் பிடிப்பதில்லை. எனவே பேச்சை எல்லாம் காகிதத்துக்குக் கொண்டுவருவது நம் வேலை. ஐயூஎல்லில் அந்தக் காகிதத்துக்கு இல்லஸ்ட்ரேஷன் என்று பெயர். வருஷ வாரியாக எவ்வளவு கட்டுவீர்கள், எவ்வளவு சேரும் என்று போகும் நீளமான அட்டவணை. ஒரு காலத்தில் இதில் கம்பெனிகள் இஷ்டத்துக்கு வட்டி போட்டுக் காட்டின. என்ஏஐசி 2015-இல் 49-ஆவது வழிகாட்டுதல் என்று ஒன்றைக் கொண்டுவந்து அதற்குக் கடிவாளம் போட்டது. கம்பெனிகள் போனஸ், மல்டிப்ளையர் என்று வேறு வழி கண்டுபிடித்தார்கள், 2020-இல் மறுபடி திருத்தினார்கள், 2023-இல் இன்னொரு தடவை. விதி போட்ட பிறகும் இரண்டு தடவை திருத்த வேண்டியிருந்தது என்பதே அந்த அட்டவணையை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு அளவு. ஏஜென்ட் உங்களுக்குக் காட்டுவது "நான்-கேரண்டீட்" பக்கம், அதில் அறுபத்தைந்து வயதில் கோடீஸ்வரர் ஆகிவிடுவீர்கள். "கேரண்டீட்" என்று தலைப்புப் போட்ட வரிசைக்கு விரலை நகர்த்தி மெதுவாகக் கீழே இறங்குங்கள். பல பாலிசிகளில் ஒரு வயதுக்கு மேல் அந்த வரிசையில் பூஜ்யம் வரத் தொடங்கும், அதாவது கம்பெனி உறுதி தருவதை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த வயதில் பாலிசியே உயிரோடு இருக்காது. இந்தப் பக்கத்தில் நீங்களும் ஏஜென்டும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. டேப்லெட்டில் "இங்க ஒரு டச், இங்க ஒரு டச்" என்று வேகமாகக் கடத்திக்கொண்டு போவது அந்தப் பக்கத்தைத்தான். பிடிஎஃப் அனுப்பச் சொல்லிவிட்டு மறுநாள் கையெழுத்துப் போடுங்கள். மறுநாள் வரை காத்திருக்காத சலுகை எதுவும் ஆயுள் காப்பீட்டில் கிடையாது.

நியூயார்க்கில் இருப்பவர்கள் கொஞ்சம் அதிர்ஷ்டசாலிகள். அங்கே 187-ஆவது விதி 2020 பிப்ரவரியிலிருந்து ஆயுள் காப்பீட்டுக்கும் வந்துவிட்டது, ஏஜென்ட் வாடிக்கையாளரின் நலனை முன்வைத்துத்தான் பரிந்துரைக்க வேண்டும், தன் கமிஷன் அதில் குறுக்கே வரக் கூடாது. ஏஜென்ட் சங்கங்கள் வழக்குப் போட்டார்கள், 2022-இல் அம்மாநிலத்தின் உச்ச மன்றம் விதி செல்லும் என்றது. கலிபோர்னியாவில் ஆன்யூட்டிக்கு அந்த மாதிரி கடமை 2025 ஜனவரியிலிருந்து சட்டமாகியிருக்கிறது, ஐயூஎல் அதற்குள் வரவில்லை. வர வேண்டும் என்பது என் கருத்து.

அப்பா அம்மா உங்களோடு இருந்தால் ஒரு விஷயம் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர் வீட்டுக்கு இன்சூரன்ஸ் பேச வருகிறவர், முதல் சந்திப்புக்கு 24 மணி நேரம் முன்பாகவே எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று கலிபோர்னியாவில் சட்டம் இருக்கிறது. என்ன விற்க வருகிறேன், யார் யார் வருகிறோம், நீங்கள் கூட யாரையாவது உட்கார வைத்துக்கொள்ளலாம், எந்த நேரத்திலும் எழுந்து போகச் சொல்லலாம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். எழுத்து அளவுகூட 14 புள்ளி என்று சொல்லியிருக்கிறார்கள், கண்ணாடி இல்லாமல் படிக்கட்டும் என்று. நம் பெரியவர்கள் வந்தவரை "போப்பா" என்று சொல்லக் கூச்சப்படுவார்கள், காபி கொடுத்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். இந்தச் சட்டம் அவர்களுக்காகவே எழுதினது போல இருக்கிறது.

அப்புறம், ஏஜென்டாகச் சேரச் சொல்லி உங்களையே கூப்பிட்டால். இதில் நம் ஆட்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை அனுமதி அந்த ஒரு கம்பெனியோடு கட்டியது. வெளியே இன்சூரன்ஸ் விற்றுக் கமிஷன் வாங்குவது அனுமதியில்லாத வேலை ஆகிவிடும், கிரீன் கார்டு வரிசையில் பல வருஷம் நிற்பவருக்கு அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று நான் சொல்லத் தேவையில்லை. "உங்க வைஃப் பேர்ல போடுங்க" என்பார்கள். அவர் எச்-4 விசாவில் வேலை அனுமதி அட்டையோடு இருந்தால் அவர் பெயரில் அவரே செய்யலாம். அவர் பெயரில் லைசென்ஸ் எடுத்து நீங்கள் போய்ப் பாலிசி விளக்கினால், விளக்கியவர் லைசென்ஸ் இல்லாதவர் என்றாகிவிடும். லைசென்ஸ் பக்கம் பொது ஆவணம் என்பதையும் மறக்க வேண்டாம், உங்கள் பெயர், தேதி, முகவரி எல்லாம் உலகமே பார்க்கும்படி அதில் நிற்கும். லைசென்ஸ் இல்லாத ஆளுக்கு விற்பனைக் கமிஷனில் பங்கு கொடுப்பதும் சட்டப்படி கூடாது, "நீங்க ஆளை மட்டும் காட்டுங்க, பாலிசி விழுந்தா பாதி தரேன்" என்று யாராவது சொன்னால் இரண்டு பேருமே சிக்கலில் இருக்கிறீர்கள்.

"முதல் பிரீமியத்தை நானே கட்டிடறேன்" என்ற பேச்சு ஊரிலிருந்தே நமக்குப் பழக்கம். அங்கேயும் 1938-ஆம் வருஷ இன்சூரன்ஸ் சட்டத்தின் 41-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது, யாரும் கண்டுகொள்வதில்லை. இங்கே பெரும்பாலான மாநிலங்களில் அது ரிபேட்டிங் என்ற குற்றம், லைசென்ஸ் போகலாம். கலிபோர்னியா இதில் மாறுபட்டது, 103-ஆவது பிரேரணை அந்தத் தடையை இங்கே எடுத்துவிட்டது. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் இதற்குத் தலையாட்ட வேண்டாம்.

புகார் கொடுக்கும் சேவையைப் பற்றியும் சொல்ல வேண்டும். துறையின் உதவி எண் 800-927-4357, அதே தளத்தில் எழுத்திலும் கொடுக்கலாம். கிளெய்ம் விஷயமாகத் துறை கேள்வி கேட்டால் கம்பெனி 21 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஏஜென்ட் மேல் புகார் என்றால் அது விசாரணைப் பிரிவுக்குப் போகும், இழுக்கும். வாய் வார்த்தையை நிரூபிக்க முடியாது என்பதால் வாட்ஸ்அப் செய்திகள், ஜூம் அழைப்பு வந்த மின்னஞ்சல், அவர் அனுப்பிய ஸ்லைடு எல்லாவற்றையும் அழிக்காமல் வையுங்கள். சந்திப்பு முடிந்ததும் "நீங்கள் இன்று இப்படிச் சொன்னீர்கள், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா?" என்று ஒரு மின்னஞ்சல் போட்டு வைத்தால் பதிலிலேயே பாதி உண்மை வெளியே வந்துவிடும்.

இதைப் படிப்பதற்குள்ளேயே கையெழுத்துப் போட்டு பாலிசி வாங்கிவிட்டீர்கள் என்றால், முதலில் பாலிசி புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பாருங்கள். கலிபோர்னியாவில் தனிநபர் ஆயுள் காப்பீட்டைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்ள பத்து நாளிலிருந்து முப்பது நாள் வரை அவகாசம் உண்டு, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவருக்கு முப்பது நாள். உங்கள் பாலிசிக்கு எத்தனை நாள் என்பது அங்கேயே அச்சிட்டிருக்கும். கணக்கு ஆரம்பிப்பது பாலிசி உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து. ஏஜென்ட் அதைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டு "அப்புறம் கொண்டுவந்து தரேன்" என்றால் இன்றே கேட்டு வாங்குங்கள், வாங்கிய தேதியை எழுதி அவர் கையெழுத்தையும் அதில் வாங்கிக்கொள்ளுங்கள். ரத்து செய்வதென்றால் ஏஜென்ட் மூலமாகப் போகாமல் கம்பெனிக்கே நேராக, எழுத்தில், தேதியோடு அனுப்புங்கள்.